‘உள்ளது உள்ளபடி பாதுகாக்கவும்’ என்ற உத்தரவு எதுவரை காப்பாற்றும்?

காரைக்குடிப் பக்கத்து ஊரில் பிறந்து, திருமணத்துக்குப் பின் கோவையில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கடிதத்தின் சுருக்கம் இது.

“எங்கள் ஐயா (தாத்தா) கட்டிய, நடுவில் முற்றம் வைத்த வளவு வீடு. பாதி பெரியப்பா வகை. அவருடைய பிள்ளைகள் இரண்டு பேர். மறுபாதி எங்கள் அப்பச்சி (அப்பா) வகை. அப்பச்சியும் ஆத்தாவும் காலமாகிவிட்டார்கள். வாரிசு அண்ணனும் நானும்தான். பங்கு கேட்டதற்கு அண்ணன் பிடி கொடுக்காததால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். ‘வழக்கு முடியும் வரை தாவாச் (வழக்கில் உள்ள) சொத்தை இரு தரப்பும் உள்ளது உள்ளபடி பாதுகாக்க வேண்டும்’ என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வீடு தப்பித்தது, இனி யாரும் கை வைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். பங்குனித் திருவிழாவுக்குப் போனபோது வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இரண்டு பர்மா தேக்குத் தூண்களைக் காணோம். அந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறது. பெரிய பெட்டகம் ஒன்றும் இல்லை. தூண்களை மினி லாரியில் ஏற்றுவதை எதிர்வீட்டுக்காரர் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். அண்ணனைக் கேட்டால், ‘கரையான் அரித்த தூணை எடுத்தேன், இதுவும் பாதுகாப்புதான். கோர்ட் விற்கக்கூடாது என்றுதான் சொன்னது’ என்கிறார். மேற்கு ஓரம் ஓடு உடைந்து ஒழுகுகிறது. அதை மாற்ற ஆள் வந்தபோது, உத்தரவை மீறியதாகிவிடுமே என்று நானே தடுத்துவிட்டேன். என் பூட்டைப் போட்டு வீட்டைப் பூட்டிவிடலாமா? போலீசுக்குப் போகலாமா? இது நூறு வருடத்து வீடு. பாரம்பரியச் சொத்து என்று கோர்ட்டே காப்பாற்றிவிட்டதாக உறவினர்கள் சொல்கிறார்கள். ‘அண்ணன் தம்பி பிரிக்காதவரை பெண்பிள்ளை குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்ல முடியாது’ என்றும் ஒருவர் சொல்கிறார். எதை நம்புவது?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த உறவினர் சொல்வது பழைய சட்டம். குடியிருப்பு வீட்டில் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்லியது. 2005இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. உங்கள் வழக்கு நிற்கும். இதைப் பற்றி இனி யாரிடமும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்களை உண்மையில் அலைக்கழிப்பது ‘பாதுகாக்க வேண்டும்’ என்ற அந்த ஒரு வரிதான். நீங்கள் அதில் வீட்டையே காப்பாற்றும் ஆணையைப் படித்திருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் விற்பனைத் தடையை மட்டும் படித்திருக்கிறார். இரண்டுமே சரியில்லை. இந்த உத்தரவு வீட்டின் அழகையோ வயதையோ பார்த்துப் போடப்படுவதில்லை. தீர்ப்பு வருகிற நாளில், ஜெயித்தவர் கையில் கொடுப்பதற்குச் சொத்து மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகப் போடப்படுவது. பங்குத் தகராறில் இருக்கும் வயலுக்கு ஊர் சேர்ந்து காவல்காரனைப் போடுவது போலத்தான்: கதிரைக் காப்பது அவன் வேலை, நெல் யாருக்கு என்று சொல்வது அவன் வேலை அல்ல. எனவே இந்த உத்தரவு கிடைத்ததாலேயே உங்கள் பங்கு உறுதியாகிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகாந்திரம் இருக்கிறதா, தடை கொடுத்தால் யாருக்குச் சிரமம் அதிகம், கொடுக்காவிட்டால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா என்ற மூன்றை மட்டும் பார்த்துத்தான் இடைக்கால உத்தரவு வருகிறது.

முதல் வேலை, உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி உங்கள் கண்ணால் படியுங்கள். வக்கீல் போனில் சொன்னதையோ இணையத்தில் வழக்கு நிலையில் தெரியும் ஒற்றை வரியையோ நம்பி இருக்க வேண்டாம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 39ஆவது கட்டளையின் 1ஆவது விதியில், தாவாச் சொத்தை வீணாக்காமல், சேதப்படுத்தாமல், விற்காமல், அப்புறப்படுத்தாமல் இருக்கத் தடை வாங்கலாம். அதே கட்டளையின் 7ஆவது விதியில், சொத்தைப் பாதுகாக்கவும் பார்வையிடவும் நீதிமன்றம் ஏற்பாடு செய்யலாம். எதிர்த் தரப்பின் அனுபவத்தில் இருக்கும் கட்டடத்துக்குள் ஆளை அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு. உங்கள் உத்தரவு எந்த விதியில் போடப்பட்டது, ‘விற்கக்கூடாது’ என்ற சொல் அதில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மீறினால் என்ன செய்யலாம் என்பது இதைப் பொறுத்தே அமையும்.

கடிதத்தில் இருக்கும் வாசகம் அப்படியே உத்தரவிலும் இருந்தால், அது பலவீனமான வாசகம். உள்ளது எது என்று எழுதாமல் ‘உள்ளது உள்ளபடி’ என்று மட்டும் போட்டால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். இன்ன நிலை என்று குறிப்பிடாமல் ஸ்டேட்டஸ்கோ (உள்ளது உள்ளபடி) உத்தரவு போடுவது சரியல்ல என்று கிஷோர் குமார் கைத்தான் வழக்கில் உச்ச நீதிமன்றமே 2006இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நடைமுறையில் இப்படிப்பட்ட உத்தரவுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இதில் உங்கள் வக்கீலைக் குறை சொல்லிப் பயனில்லை. உத்தரவைத் தெளிவுபடுத்தக் கேட்டு ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போடச் சொல்லுங்கள்.

தூணும் பெட்டகமும் ஒன்றல்ல

உங்கள் கடிதத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

தூண், நிலை, கதவு, உத்திரம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் எல்லாம் கட்டடத்தோடு நிரந்தரமாகச் சேர்ந்தவை. வீடு தாவாச் சொத்து என்றால் அவையும் தாவாச் சொத்துதான். பிராதில் (நீங்கள் தாக்கல் செய்த வழக்கு மனுவில்) தனித்தனியாகப் பட்டியல் போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. எனவே ‘விற்கக்கூடாது என்றுதான் சொன்னது’ என்ற அண்ணனின் வாதம் நிற்காது. முழு வீட்டையும் விற்காமல், வீட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே அனுப்பினாலும் அது சொத்தின் தன்மையை மாற்றுவதுதான். ஈடுகட்ட முடியாத இழப்பு என்று காட்டாதவரை வழக்கு நடக்கும்போது சொத்தின் தன்மையை மாற்ற நீதிமன்றம் அனுமதிக்கக்கூடாது என்று மஹர்வால் கேவாஜி டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் கூறியது. உங்கள் வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும். தெளிவுபடுத்தும் மனுவில் இதைச் சேர்க்கலாம்.

பெட்டகம், பித்தளை அண்டா, வெள்ளிச் சாமான், சுவரில் மாட்டிய தஞ்சாவூர்ப் படம், இவை அசையும் பொருட்கள். பிராதின் சொத்து விவரத்தில் இவை இல்லையென்றால் உத்தரவு இவற்றைத் தொடாது. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய வழக்குகளில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நான்கு எல்லையும் சர்வே எண்ணும் பக்கம் பக்கமாக இருக்கும், வீட்டுக்குள் இருப்பதைப் பற்றி ஒரு வரி இருக்காது. காரைக்குடியில் பழம்பொருள் கடைத் தெரு எப்படி நிரம்புகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிராதைத் திருத்தி அசையும் பொருட்களைச் சேர்க்க 6ஆவது கட்டளை 17ஆவது விதியில் உடனே மனு போடுங்கள். சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், இதை ஏன் முன்பே கேட்கவில்லை என்பதற்குப் பலமான காரணம் காட்ட வேண்டியிருக்கும். இந்த மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒழுகுகிற ஓட்டை மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆளைத் தடுத்தது தவறு என்று உரிமையோடு சொல்கிறேன். பாதுகாக்கச் சொன்ன உத்தரவு, கண்ணெதிரே இடிய விடச் சொன்ன உத்தரவாகாது. ஓடு ஒழுகி உத்திரம் இற்றுப்போனால், சுண்ணாம்புப் பூச்சு ஊதி விழுந்தால், அதைத் திருப்பிக் கொண்டுவர எந்தத் தீர்ப்பாலும் முடியாது. பராமரிப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் இடையில்தான் கோடு. அதே அளவில் அதே வகை ஓட்டைப் போடுவது பராமரிப்பு. ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவது மாற்றம். கரையான் அரித்த தூணுக்கு முட்டுக்கொடுப்பது பராமரிப்பு. கழற்றி லாரியில் ஏற்றுவது வேறு கதை.

ஆனாலும் சும்மா செய்ய வேண்டாம். இன்ன இடத்தில் இன்ன பழுது, இன்ன செலவு என்று கொத்தனாரிடம் எழுதி வாங்கி, பழுதைப் படம் எடுத்து, நீதிமன்ற அனுமதி கேட்டு மனு போட்டுச் செய்யுங்கள். செலவுக் கணக்கை வைத்துக்கொண்டால் பாகம் பிரிக்கும்போது மற்றப் பங்குதாரர்களின் பங்கில் சேர்த்துக் கேட்கவும் வழி இருக்கிறது. அண்ணனும் இதே போல அனுமதி கேட்டிருந்தால் இன்று நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

பூட்டு, போலீஸ், கோர்ட் மனு

பூட்டு போடவே வேண்டாம். உத்தரவு ‘இரு தரப்பும்’ என்கிறது. வீட்டில் இருக்கும் பங்குதாரரை வெளியே வைத்துப் பூட்டினால் உத்தரவை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகத்தான் சட்டத்தில் கருதப்படும். அதனால் ‘உள்ளே வராதே’ என்று அவர் உங்களைத் தடுக்க உரிமை இல்லை. நீங்கள் அவரை வெளியேற்றவும் உரிமை இல்லை. திருவிழாவுக்கு, முன்னோருக்கான படைப்புக்குப் போய்வருவதை நிறுத்தாதீர்கள். போகும்போது சண்டை வேண்டாம், இன்னொருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் நிலையத்தில் பெரும்பாலும் ‘சிவில் வழக்கு, கோர்ட்டில் பாருங்கள்’ என்பார்கள். அது ஒருவகையில் சரிதான். உரிமையியல் உத்தரவை நிறைவேற்றப் போலீஸ் துணை வேண்டுமென்றால் அதையும் அந்த நீதிமன்றத்திடமே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து என்ன போடுவது? கோபத்தில் எல்லோரும் முதலில் கேட்பது 2ஏ மனு. தடையுத்தரவை மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம் என்று 39ஆவது கட்டளையின் 2ஏ விதி சொல்கிறது. படிக்கத் தெம்பாக இருக்கும். ஆனால் தண்டனை வரை போகிற விஷயம் என்பதால் நீதிமன்றம் கறாரான சான்று எதிர்பார்க்கும்: உத்தரவு அவருக்குத் தெரிந்திருந்தது, தூண் அதற்குப் பிறகுதான் போனது, எடுத்தவர் அவர்தான் என்ற மூன்றும் வேண்டும். அண்ணன் வக்கீல் வைத்து ஆஜராகிவிட்டால் முதலாவது சிரமமில்லை. இரண்டாவதில்தான் வழக்குகள் வழுக்கி விழும். ‘தூண் போன வருடமே போய்விட்டது’ என்று அவர் ஒரு வரி சொன்னால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

அதனால் என் யோசனை, முதலில் கமிஷனர் மனு. ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்து, வீடு முழுவதும் அறை அறையாகப் பார்த்து, எத்தனை தூண், எத்தனை நிலை, எந்த அறையில் என்ன சாமான், எங்கே புதிய செங்கல் பூச்சு என்று படங்களோடு அறிக்கை தாக்கல் செய்யக் கேளுங்கள். புதுப் பூச்சு எப்போதையது என்று பார்க்கப் பொறியாளர் ஒருவரையும் உடன் அனுப்பச் சொல்லலாம். அந்த அறிக்கை வந்தபிறகுதான் உங்கள் உத்தரவில் இருக்கும் ‘உள்ளது’ என்ற சொல்லுக்கு ஒரு உருவம் கிடைக்கும். அப்புறம் ஒரு கதவு நகர்ந்தாலும் கையும் களவுமாகக் காட்டலாம். தூண்களைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கச் சொல்லியும், 2ஏ மனுவையும் அதற்குப் பின்னால் போடுவது பலம். ரிசீவர் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் வைக்கும் ஆள்) நியமிக்கக் கேட்கலாமா என்று ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடும். சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வாடகை வராத வீட்டுக்கு ரிசீவர் போட்டால் அவருக்கான செலவை நீங்கள்தான் சுமக்க வேண்டிவரும், வீட்டுக்கும் பெரிதாக நன்மை இருக்காது. கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தையும் பாதுகாக்க வேண்டும்

எதிர்வீட்டுக்காரர் எடுத்த படம் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வரும்போது எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் கழன்றுவிடும். மூலப்படம் அவர் போனில்தான் இருக்கிறது. அந்தப் போனை விற்கவோ, ரீசெட் செய்யவோ வேண்டாம், படத்தை அழிக்க வேண்டாம் என்று இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவில் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் இந்தச் சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதி: ஒன்றைத் தாக்கல் செய்பவர் தரப்பும் மற்றதை நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) அதில் எழுதப்படும். எதிர்வீட்டுக்காரர் சாட்சிக்கூண்டு ஏறத் தயங்குவார். ஊரில் அவரும் உங்கள் அண்ணனும் தினம் முகம் பார்க்க வேண்டியவர்கள். அவரை நெருக்காமல், மரியாதையோடு பேசிவையுங்கள்.

தெருவில் ஏதாவது கடையில் சிசிடிவி இருந்தால் அது இன்னும் அவசரம். பழைய பதிவின்மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். திருவிழாவுக்கு முந்திய பதிவு இந்நேரம் போயிருக்கக்கூடும், ஆனாலும் கேட்டுப்பாருங்கள். இருந்தால், அழிக்காமல் வைத்திருக்கும்படி வக்கீல் மூலம் எழுத்தில் கடிதம் கொடுத்து, பதிவைத் தாக்கல் செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் சம்மன் கேளுங்கள். கையில் இருக்கும் சான்றை ஒரு தரப்பு மறைத்தால், அது அவர்களுக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு. நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டிய ஆவணத்தை வரவிடாமல் செய்ய அழிப்பது குற்றமும்கூட.

இது உங்களுக்கும் பொருந்தும். அண்ணனுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலில் உங்களுக்குச் சங்கடமான வரிகள் இருந்தாலும் எதையும் அழிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஆபத்து

வீடு என்றென்றைக்கும் காப்பாற்றப்பட்டது என்ற நம்பிக்கையை நான் உடைக்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாப்பது வேறு சட்டங்களின் வேலை. அதற்கு அரசின் அறிவிக்கை வேண்டும். வீட்டுக்கு நூறு வயது ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பட்டியல் பெருமைக்குரியது; ஆனால் தனியார் வீட்டுக் கதவை யாரும் கழற்றாமல் தடுக்கும் பலம் அதற்கு இல்லை. உங்கள் இடைக்கால உத்தரவோ வழக்கோடு பிறந்து வழக்கோடு முடிவது. வாய்தாவுக்குப் போகாமல் வழக்கு தள்ளுபடியானால் உத்தரவும் கூடவே போய்விடும்.

வழக்கு ஜெயித்தாலும் ஒரு திருப்பம் இருக்கிறது. 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2ஆவது பிரிவைப் படியுங்கள். வீட்டை வசதியாகப் பிரிக்க முடியாது, விற்றுப் பணமாகப் பங்கிடுவதே எல்லோருக்கும் நல்லது என்று நீதிமன்றம் கருதினால், பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்கும்போது விற்க உத்தரவிடலாம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் வீட்டை நான்காகப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப்பாருங்கள். உங்களுக்குக் கால் பங்கு, அண்ணனுக்குக் கால். பெரியப்பா பிள்ளைகள் இருவர் கையில் பாதி. அவர்கள் கேட்டாலே போதும். அண்ணனும் சேர்ந்தால் முக்கால் ஆகிவிடும். நீங்கள் காப்பாற்ற நினைத்த வீட்டை நீங்கள் போட்ட வழக்கே ஏலத்துக்குக் கொண்டுபோகலாம்.

இதற்கு மாற்று அதே சட்டத்தின் 3ஆவது பிரிவில் இருக்கிறது. விற்கக் கேட்பவர்களின் பங்கை மதிப்பீட்டு விலைக்கு வாங்க மற்றப் பங்குதாரர் அனுமதி கேட்டால், நீதிமன்றம் மதிப்பிட்டு அவருக்கே தர வேண்டும். முக்கால் பங்கை வாங்கும் வசதி உங்களுக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதனால்தான் சொல்கிறேன், பெரியப்பா பிள்ளைகளோடு இப்போதே பேசுங்கள். கடிதத்தில் அவர்களை எண்ணிக்கைக்கு மட்டும்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தூண் போனது அவர்களுக்கும் இழப்புதான். அவர்கள் உங்கள் பக்கம் நின்றால் விற்பனைப் பேச்சே வராது. வீட்டை முழுதாக வைத்துக்கொண்டு, பராமரிப்புச் செலவைப் பங்கிட்டு, விசேஷங்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்துவது என்று நால்வரும் சமரசமாக எழுதிக்கொடுத்தால் அதையே நீதிமன்றம் தீர்ப்பாக்கிவிடும். வீடு நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசையென்றால், இடைக்கால உத்தரவைவிட அதற்கு ஆயுள் அதிகம். சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீங்களே கேட்கலாம். கேட்டதால் உங்கள் வழக்கு பலவீனமாகாது.

வழக்கு நடக்கும்போது அண்ணன் தன் பிரிபடாத பங்கை வெளியாளுக்கு எழுதிக்கொடுத்தால்? அந்தக் கிரயம் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படும். ஆனால் தானாகச் செல்லாததாகிவிடாது. வழக்கு இருப்பது வில்லங்கச் சான்றில் தானாக ஏறவும் ஏறாது. தெளிவுபடுத்தும் மனுவில் ‘பிரிபடாத பங்கையும் எந்த வகையிலும் பராதீனம் செய்யக்கூடாது’ (பிறருக்கு மாற்றிக்கொடுக்கக்கூடாது) என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். உத்தரவு கிடைத்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக மூன்று மனு: உத்தரவைத் தெளிவுபடுத்த, கமிஷனர் நியமிக்க, ஓடு மாற்ற அனுமதி கேட்க. பிராதுத் திருத்தம் நான்காவது. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. அதற்குமுன் தாக்கல் செய்ய முடியாவிட்டால் ஜூனில் திறந்ததும் போட்டுவிடுங்கள். ஓடு மாற்றும் மனுவை மட்டும் அவசர மனுவாக எடுக்கக் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் மேற்கு ஓரத்தில் வேலை முடிந்திருக்க வேண்டும்.